‘ஹேவ்’ வந்த வழி: ஆங்கிலத்தில் நிகழ்கால நிறைவுக்கும் தனி இறந்தகாலத்துக்கும் எல்லை அமைந்த வரலாறு

1. முன்னுரை

முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்க ஆங்கிலத்தில் இரு வினைவடிவங்கள் உள்ளன.

(1) ஐ லாஸ்ட் மை கீ
(2) ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ

சாவி தொலைந்தது என்னும் ஒரே நிகழ்ச்சியையே இரண்டும் சுட்டுகின்றன. முன்னது தனி இறந்தகாலம். பின்னது ‘ஹேவ்’ என்னும் துணைவினையின் நிகழ்கால வடிவமும் முதன்மை வினையின் இறந்தகால எச்சமும் இணைந்த கூட்டு வடிவம். ஆங்கில இலக்கண நூல்கள் இதனைப் ‘பிரெசன்ட் பெர்ஃபெக்ட்’ என்று அழைக்கின்றன. இக்கட்டுரையில் இது நிகழ்கால நிறைவு எனப்படும். ‘நேற்று’ எனப் பொருள்படும் ‘யெஸ்டர்டே’ என்னும் சொல் (1)-இன் இறுதியில் இயல்பாக அமையும். (2)-இன் இறுதியில் அமையாது. சாவி தொலைந்தது நேற்று, அது இன்னும் கிடைக்கவில்லை என்னும் நிலையிலும் இத்தடை நீங்குவதில்லை.

இத்தடைக்குக் கால அளவு காரணமன்று. ஐந்து நிமிடங்களுக்கு முன் நடந்ததைத் தனி இறந்தகாலத்தில் கூறலாம். பல நூற்றாண்டுகளாக நடந்துவருவதை நிகழ்கால நிறைவில் கூறலாம். தருக்கமும் இதற்குக் காரணம் என்று கூற இயலாது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஜெர்மன் மொழியில் இதற்கு நேரான கூட்டு வடிவம் ‘நேற்று’ என்னும் சொல்லைத் தடையின்றி ஏற்கிறது; பிரெஞ்சு மொழியிலும் அவ்வாறே. எனவே ஆங்கிலத்தில் உள்ள எல்லை காலத்தின் இயல்பிலிருந்து பிறந்ததன்று, அம்மொழியின் வரலாற்றிலிருந்து பிறந்தது எனக் கருத இடமுண்டு. அவ்வரலாற்றை எடுத்துரைப்பதும், அதனால் மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க தெளிவைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இத்தெளிவு நடைநயத்தோடு மட்டும் தொடர்புடையதன்று. வீட்டு உரிமை பற்றிய ஒரு வழக்கில் சாட்சி ஒருவர் கூறும் பின்வரும் வாக்கியங்களை எண்ணிப் பார்க்கலாம்.

(3) ஷி லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்
(4) ஷி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்

(3)-இன்படி அப்பெண் இப்போது அவ்வீட்டில் இல்லை. (4)-இன் இயல்பான பொருளின்படி அவர் இன்றும் அங்கே குடியிருக்கிறார். இரண்டையும் ‘ஐந்து ஆண்டுகள் வசித்தார்’ என்று பெயர்த்தால், வழக்கின் முடிவையே மாற்றத்தக்க செய்தி ஒன்று மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

2. உடைமையிலிருந்து நிறைவுக்கு

பழைய ஆங்கிலத்தில் வினையின் திரிபால் உணர்த்தப்பட்ட காலங்கள் இரண்டே: இறந்தகாலம், இறப்பல்லாத காலம். இன்று நிகழ்கால நிறைவு உணர்த்தும் பொருள்களுள் பெரும்பாலானவற்றை அன்று தனி இறந்தகாலமே தாங்கி நின்றது. அதனுடன், ‘ஹேவ்’ என்பதன் முன்னோடியான ‘ஹப்பன்’ என்னும் வினை ஒரு தனித்த அமைப்பிலும் வழங்கியது. இவ்வமைப்பில் செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமையில் நிற்க, இறந்தகால எச்சம் அதற்கு அடையாக வந்து, பால், எண், வேற்றுமை ஆகியவற்றில் அதனோடு இயைந்தது. அதன் பொருளைத் தமிழில் ‘எழுதப்பட்டதாகிய கடிதத்தை நான் உடையேன்’ என விரித்துரைக்கலாம். இங்கு ‘ஹப்பன்’ உடைமைப் பொருளைத் தரும் முதன்மை வினை. கூறப்படுவது இன்றைய ஒரு நிலை. எழுதிய செயல் அந்நிலைக்குப் பின்னணியாக மட்டுமே நிற்கிறது. எழுதியவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

இவ்வமைப்பு காலப்போக்கில் வேறு வகையாகப் பகுத்துணரப்பட்டது. உடையவரும் செய்தவரும் ஒருவரே என்னும் சூழல்கள் மிகுந்தபோது, ‘ஹப்பன்’ தன் உடைமைப் பொருளை இழந்து துணைவினையாயிற்று. எச்சம் செயப்படுபொருளை விட்டு விலகித் துணைவினையோடு இணைந்தது. இம்மாற்றத்தை மூன்று சான்றுகளால் அறியலாம். முதலாவது, எச்சம் செயப்படுபொருளோடு இயையும் வழக்கம் தளர்ந்தமை. இரண்டாவது, உடைமையாகக் கொள்ள இயலாத பொருள்களோடும் இவ்வமைப்பு வழங்கியமை. மூன்றாவது, செயப்படுபொருளே இல்லாத வினைகளுக்கும் அது பரவியமை. இவற்றின் தொடக்கம் பழைய ஆங்கிலத்திலேயே தென்படுகிறது. நிறைவு இடைக்கால ஆங்கிலத்தில் எய்தப்பட்டது. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் த லெட்டர் ரிட்டன்’, ‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்’ ஆகிய இரண்டும் சொல்வைப்பு முறையால் வேறுபடுகின்றன. முன்னதில் பழைய பொருளின் சாயலும் பின்னதில் புதிய இலக்கணமும் உள்ளன.

சொற்பொருள் தேய்ந்து இலக்கணக் கூறாக மாறும் இத்தகைய வளர்ச்சியை அந்துவான் மெய்யே 1912-இல் எழுதிய கட்டுரையில் இலக்கணமாதல் எனப் பெயரிட்டு விளக்கினார். இலத்தீனில் ‘ஹபேரே’ என்னும் உடைமை வினையும் இதே பாதையில் சென்று பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளின் நிறைவு வடிவங்களைத் தோற்றுவித்தது. ஆங்கில ‘ஹேவ்’, இலத்தீன் ‘ஹபேரே’ ஆகிய இரண்டும் ஒலியால் ஒத்திருப்பினும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை அல்ல. ஆங்கிலச் சொல்லின் வேர், பற்றுதல் எனப் பொருள்படும் இலத்தீன் ‘கபேரே’ என்பதன் வேரோடு தொடர்புடையது. வேறு வேறு வேர்களிலிருந்து வந்த இரு வினைகள் ஒரே பணியை ஏற்றமை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு இடையே நிலவிய தொடர்பின் விளைவும் ஆகலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

உடைமை வினையே இல்லாத மொழிகளில் இவ்வழி திறப்பதில்லை. ‘எனக்கு வீடு இருக்கிறது’ என இருத்தல் வினையால் உடைமையைக் கூறும் தமிழ், ‘எழுதியிருக்கிறேன்’ என நிறைவையும் இருத்தல் வினையால் அமைக்கிறது. இந்தியில் ‘லிகா ஹை’ என்பதும் அவ்வாறே அமைந்தது. உடைமை வினை என்பது இருத்தல் வினையின் திருப்பிய வடிவமே என்று எமீல் பென்வனீஸ்த் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் கூறிய கருத்து, இவ்விரு வழிகளும் ஒரே பொருள்மூலத்தை உடையன என்பதை விளக்கப் பயன்படுகிறது. மூலம் ஒன்றாயினும் வளர்ச்சி வேறாயிற்று என்பது பின்னர்க் காட்டப்படும்.

3. ‘பீ’ பின்வாங்கியமை

ஆங்கிலமும் தொடக்கத்தில் ‘ஹேவ்’ ஒன்றையே நம்பியிருக்கவில்லை. வருதல், போதல், எழுதல், ஆதல் போன்ற இயக்கத்தையும் நிலைமாற்றத்தையும் குறிக்கும் வினைகளுக்கு இருத்தல் வினையாகிய ‘பீ’ துணையாக வந்தது. இன்றைய ‘ஹி ஹேஸ் கம்’ என்பதற்கு அன்று ‘ஹி இஸ் கம்’ என்பதே இயல்பான வழக்கு. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகள் இவ்விரு துணைவினை முறையை இன்றும் பேணுகின்றன.

ஆங்கிலத்தில் இம்முறை மெல்லத் தேய்ந்தது. ‘பீ’ செயப்பாட்டுவினைக்கும் துணையாக நின்றமையால் அதன் சுமை மிகுந்திருந்தது. ‘ஹேஸ்’, ‘இஸ்’ ஆகிய இரண்டும் விரைவுப் பேச்சில் ‘ஸ்’ எனச் சுருங்கி வேறுபாடின்றி ஒலித்தன. எல்லா வினைகளோடும் சேரும் ஆற்றலை ‘ஹேவ்’ பெற்றிருந்ததும் அதன் பரவலுக்குத் துணைபுரிந்தது. மாட்ஸ் ருடேன், ஸ்வெர்கர் புரோர்ஸ்ட்ரம் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, 18-ஆம் நூற்றாண்டில் இவ்வினைகளோடு ‘பீ’ இன்னும் வலுவாக வழங்கியதையும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹேவ்’ அதனை விஞ்சியதையும் காட்டுகிறது. ‘ஹி இஸ் கான்’ என்னும் தொடரில் பழைய முறையின் எச்சம் இன்றும் உள்ளது.

19-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆங்கில நூல்களைப் பெயர்ப்போர் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம். ‘இஸ் கம்’ என்பதைச் செயப்பாட்டுவினை என்றோ அச்சுப்பிழை என்றோ கொள்ளாமல், ‘வந்திருக்கிறார்’, ‘வந்துவிட்டார்’ என்பவற்றுள் சூழலுக்கு ஏற்றதைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

4. எல்லை மங்கியிருந்த காலம்

கூட்டு வடிவம் உருவானவுடனேயே இன்றைய எல்லையும் அமைந்துவிட்டதாகக் கருதுவது பொருந்தாது. 1400-இல் மறைந்த சாசரின் காலத்துக் கதைப்பாடல்களில் தனி இறந்தகாலமும் நிகழ்கால நிறைவும் அடுத்தடுத்து, பொருள் வேறுபாடு தெளிவாகப் புலப்படாத வகையில் வருவதுண்டு. யாப்பும் இயைபும் தெரிவை முடிவு செய்த இடங்களும் உள. குறித்த இறந்தகாலத்தை உணர்த்தும் சொற்களோடு நிகழ்கால நிறைவு வந்த எடுத்துக்காட்டுகளை விசர் 1963-க்கும் 1973-க்கும் இடையே வெளியிட்ட ஆங்கில வரலாற்றுத் தொடரியல் தொகுதிகளில் காணலாம். அவை இடைக்காலத்தோடு நின்றுவிடவில்லை. பிற்கால நூல்களிலும் தொடர்கின்றன.

இக்கட்டத்தில் ஆங்கிலத்தின் முன் இரு வழிகள் இருந்தன. ஒரு வழியில் சென்றது பிரெஞ்சு. 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இலக்கணிகள் கூட்டு வடிவத்துக்கும் தனி இறந்தகாலத்துக்கும் இடையே ஒரு கால அளவையே எல்லையாக வகுத்தனர். இன்று நடந்தது கூட்டு வடிவத்திலும், ஓர் இரவேனும் இடையிட்டது தனி இறந்தகாலத்திலும் கூறப்பட வேண்டும் என்பது அவர்கள் விதி. 1660-இல் வெளிவந்த போர் ரொயால் இலக்கணம் இவ்விதியைக் கூறுகிறது. கொர்னெய்யின் ‘லெ சிட்’ நாடகத்தைப் பற்றி 1637-38-இல் எழுந்த விவாதத்தின்போது, அன்றே நடந்த ஒன்றைத் தனி இறந்தகாலத்தில் கூறியமையைப் பிரெஞ்சுக் கழகம் குறையாகக் காட்டியது. அத்துணைக் கண்டிப்போடு காக்கப்பட்ட எல்லை பேச்சு வழக்கில் நிலைக்கவில்லை. இன்றைய பேச்சுப் பிரெஞ்சில் கூட்டு வடிவமே எல்லா இறந்தகாலத்தையும் உணர்த்துகிறது. தனி இறந்தகாலம் எழுத்து வழக்கில் ஒதுங்கிவிட்டது. தென் ஜெர்மன் பகுதிகளின் பேச்சு வழக்குகளிலும் தனி இறந்தகாலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

விளைவுநிலையைக் குறிக்கும் அமைப்பு முதலில் நிறைவாகவும் பின்னர்ப் பொது இறந்தகாலமாகவும் மாறுவது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் வளர்ச்சிநெறி என்று பைபீ, பெர்கின்ஸ், பக்லியூகா ஆகியோர் 1994-இல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளனர். பிரெஞ்சும் தென் ஜெர்மனும் அந்நெறியின் இறுதிவரை சென்றன. ஆங்கிலம் இடைவழியில் நின்றது. தனி இறந்தகாலம் தன் வலிமையை இழக்காமையால் கூட்டு வடிவம் அதன் இடத்தைக் கைப்பற்ற இயலவில்லை. இரண்டும் பணியைப் பங்கிட்டுக்கொண்டன. உடைமை வினையின் நிகழ்காலத்தில் பிறந்த வடிவம் அந்நிகழ்காலப் பிடிப்பை விடாமல் நின்றதே ‘யெஸ்டர்டே’ என்னும் சொல்லை அது ஏற்காமைக்கு வரலாற்றுக் காரணம் எனலாம்.

5. இலக்கணிகள் கண்ட எல்லை

ஆங்கில இலக்கணிகள் இப்பங்கீட்டை உடனே உணர்ந்து கூறவில்லை. 1653-இல் இலத்தீனில் ஆங்கில இலக்கணம் எழுதிய ஜான் வாலிஸ், ஆங்கில வினைக்குரிய காலங்கள் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஆகிய இரண்டே என்றும், ஏனையவை துணைவினைகளால் பெறப்படுவன என்றும் கொண்டார். இலத்தீனின் கால அட்டவணையை ஆங்கிலத்தின்மேல் ஏற்றிய இலக்கணங்களிடையே இது ஒரு தெளிவான நோக்கு. எனினும் இரு வடிவங்களுக்கிடையே தெரிவு எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினா 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விரிவாக ஆராயப்பட்டது. ஜேம்ஸ் பிக்போர்ன் 1789-இல் ஆங்கில வினை பற்றித் தனி நூல் எழுதினார். லிண்ட்லி மரே 1795-இல் வெளியிட்ட இலக்கணம் பள்ளிகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது.

மரேயின் விளக்கம் குறிப்பிடத்தக்கது. நிகழ்கால நிறைவு இறந்ததைக் கூறுவதோடு இன்றைய காலத்தையும் உள்ளடக்குகிறது என்றும், ‘இன்று’, ‘இவ்வாரம்’, ‘இந்நூற்றாண்டு’ போன்று இன்னும் முடியாத காலப்பகுதிகளோடு அது வரும் என்றும் கூறிய அவர், ஒரு நுட்பமான எடுத்துக்காட்டையும் தந்தார். சிசரோ சொற்பொழிவுகள் எழுதியதை நிகழ்கால நிறைவில் கூறலாம்; ஏனெனில் அவை இன்றும் உள்ளன. அவர் கவிதைகள் எழுதியதை அவ்வாறு கூறலாகாது. ஏனெனில் அவை அழிந்துவிட்டன. பிரெஞ்சு இலக்கணிகள் நாளை அளந்து எல்லை வகுத்த இடத்தில், ஆங்கில இலக்கணி செயலின் பயன் எஞ்சியுள்ளதா என வினவி எல்லை வகுத்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது. ‘உடையேன்’ என்னும் பழைய பொருளின் நிழல் இவ்விளக்கத்தில் படிந்துள்ளது.

இலக்கண நூல்களுக்கு வெளியே, மொழிபெயர்ப்புக் களத்தில் இவ்வெல்லை ஒரு பெரும் விவாதத்தை எழுப்பியது. பண்டைக் கிரேக்கத்தில் ‘அயோரிஸ்ட்’ என்னும் இறந்தகாலமும் நிறைவு வடிவமும் தனித்தனியே உள்ளன. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்க அயோரிஸ்டைப் பல இடங்களில் நிகழ்கால நிறைவால் பெயர்த்தனர். ஆங்கிலச் சூழல் வேண்டியவாறே அவர்கள் தெரிவு அமைந்தது. 1881-இல் திருத்திய புதிய ஏற்பாட்டை வெளியிட்ட குழுவினர், மூலத்துக்கு நெருக்கமாக நிற்கும் நோக்கில் அயோரிஸ்டைத் தனி இறந்தகாலத்தால் பெயர்க்கும் முறையை மிகுதியும் கைக்கொண்டனர். அதனால் பல தொடர்கள் ஆங்கில இயல்புக்கு மாறாயின என்னும் குறை எழுந்தது. அயோரிஸ்ட் வரும் பல இடங்களில் ஆங்கிலத்துக்கு நிகழ்கால நிறைவே உரியது என்று ரிச்சர்ட் வேமத் தனி நூலொன்றில் வாதிட்டார். வடிவத்துக்கு வடிவம் என்னும் நேர்மை, பொருளுக்குப் பொருள் என்னும் நேர்மையோடு முரண்படக்கூடும் என்பதற்கு இவ்விவாதம் நல்ல சான்றாகும்.

6. இருபதாம் நூற்றாண்டு விளக்கங்கள்

யெஸ்பர்சன் 1924-இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், நிறைவு வடிவம் இறந்தகாலத்தின் வகையன்று, நிகழ்காலத்தின் ஒரு வகையே எனக் கருதினார். அவர் கருத்துப்படி, முன் நடந்தவற்றின் விளைவாக நிற்கும் இன்றைய நிலையை அது உணர்த்துகிறது.

1947-இல் ரைக்கன்பாக் இக்கருத்துக்கு ஓர் அளவையியல் வடிவம் தந்தார். பேசும் நேரம், நிகழ்ச்சி நேரம் ஆகிய இரண்டோடு நோக்குநேரம் என்னும் மூன்றாவது புள்ளியையும் அவர் கொண்டார். இரு வடிவங்களிலும் நிகழ்ச்சி பேசும் நேரத்துக்கு முற்பட்டதே. தனி இறந்தகாலத்தில் நோக்குநேரம் நிகழ்ச்சியோடு சேர்ந்து பின்னே நிற்கிறது. நிகழ்கால நிறைவில் அது பேசும் நேரத்தோடு சேர்ந்து இங்கே நிற்கிறது. ‘யெஸ்டர்டே’ போன்ற சொற்கள் நோக்குநேரத்தைக் குறிப்பனவாகக் கொண்டால், அவை நிகழ்கால நிறைவோடு சேராமையை இவ்விளக்கம் எளிதில் காட்டிவிடுகிறது.

சிசரோவைப் பற்றிய மரேயின் சிக்கல் புதிய வடிவில் மீண்டும் எழுந்தது. ஐன்ஸ்டைன் 1955-இல் மறைந்தார். அவர் பிரின்ஸ்டனுக்கு வந்ததை, அவரை எழுவாயாக வைத்து நிகழ்கால நிறைவில் கூறுவது பொருந்தவில்லை; பிரின்ஸ்டனை எழுவாயாக்கிச் செயப்பாட்டுவினையில் கூறினால் பொருந்துகிறது. சாம்ஸ்கி 1970-இல் வெளியான கட்டுரையில் எடுத்துக்காட்டிய இவ்வேறுபாடு, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது இன்று நிலைபெற்றிருத்தலும் தெரிவைக் கட்டுப்படுத்தும் என்பதை உணர்த்துகிறது. மரே எழுதப்பட்டவற்றின் நிலைபேற்றை நோக்கினார். பின்வந்தோர் பேசுபொருளின் நிலைபேற்றை நோக்கினர்.

மெக்காலி 1971-இலும் காம்ரி 1976-இலும் நிகழ்கால நிறைவின் பொருள்களை நான்காக வகுத்தனர். அவர்களுடைய பெயரீடுகள் சற்றே வேறுபடினும் வகைகள் பெரிதும் ஒத்தவை: விளைவு, பட்டறிவு, தொடர்ச்சி, அண்மைச் செய்தி. 1992-இல் வோல்ஃப்காங் கிளைன் இத்தடையையே தலைப்பாக்கி எழுதிய கட்டுரை, ‘நிகழ்கால நிறைவுப் புதிர்’ என்னும் பெயரை நிலைநிறுத்தியது. பேசப்படும் நேரமும் நிகழ்ச்சி நேரமும் ஆகிய இரண்டும் ஒருங்கே குறித்த இடத்தில் நிலைப்படுத்தப்படலாகாது என்பது அவர் கண்ட தீர்வு. நிகழ்கால நிறைவில் பேசப்படும் நேரம் ‘இப்போது’ என முன்னரே நிலைப்பட்டுவிட்டது; ஆகவே நிகழ்ச்சியை ‘நேற்று’ என மேலும் நிலைப்படுத்த இடமில்லை.

7. எல்லை இன்னும் அசைகிறது

வரலாற்றில் அமைந்த எல்லை வரலாற்றில் அசையவும் கூடும். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகிய சொற்களோடு தனி இறந்தகாலம் இயல்பாக வருகிறது. பிரிட்டிஷ் வழக்கு இங்கு நிகழ்கால நிறைவையே மரபாகக் கொண்டது. ‘சாப்பிட்டீர்களா?’ என்று வினவ, பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதும், அமெரிக்க வழக்கில் ‘டிட் யூ ஈட்?’ என்பதும் கேட்கலாம். நிகழ்கால நிறைவின் நீண்டகால வளர்ச்சி பிற்காலத்தில் தடைப்பட்டதையும், அமெரிக்க ஆங்கிலத்தில் அது குறைவாக வழங்குவதையும் எல்ஸ்நெஸ் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். அதே வேளையில், 1960-களையும் 1990-களையும் சேர்ந்த எழுத்து நூல்தொகுதிகளை ஒப்பிட்ட ஹுண்ட், ஸ்மித் ஆகியோர் 2009-இல், அக்காலப்பகுதியில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை எனக் கண்டனர். ஆஸ்திரேலிய ஆங்கிலத்திலோ கதை கூறுமிடத்தும் நிகழ்கால நிறைவு தொடர்ந்து வருவதை எங்கல், ரிட்ஸ் ஆகியோர் 2000-இல் பதிவு செய்துள்ளனர்.

இந்திய ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ போன்ற வாக்கியங்கள் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு, பள்ளி இலக்கண நூல்களில் பிழையாகச் சுட்டப்பட்டு வந்துள்ளன. தாய்மொழித் தாக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்பது முழு விளக்கமாகாது. இரண்டாம் மொழியாகப் பேசப்படும் பல்வேறு ஆங்கில வகைகளை ஒப்பிட்டு டாவிடோவா 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வேறுபாடுகள் இந்தியாவுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலமே ஒருகாலத்தில் ஏற்றிருந்த சேர்க்கை இது என்பதும் மறக்கத்தக்கதன்று. இதனால் கற்பிக்கும் ஆசிரியர் விதியைக் கைவிட வேண்டும் என்பது பெறப்படாது. பிழை செய்வோரின் அறிவுக்குறையாக அதனைக் கருதுவது தவறு என்பதே பெறப்படும்.

8. தமிழில் பெயர்த்தல்

தமிழில் நிறைவை உணர்த்தும் ‘இரு’, அமர்தல், தங்குதல் ஆகிய பொருள்களை உடைய முதன்மை வினையிலிருந்து வந்தது. இறந்தகால வினையெச்சத்தோடு அது சேர்ந்து ‘வந்திருக்கிறார்’ என அமைகிறது. எழுத்து வழக்கில் ‘வந்துள்ளார்’ என்பதும் உண்டு. உருவ அமைப்பில் இவை ஆங்கில நிகழ்கால நிறைவுக்கு நேரானவை போலத் தோன்றுகின்றன: இரண்டிலும் துணைவினை நிகழ்காலத்தைச் சார்ந்தது, முதன்மை வினை முடிந்ததைக் காட்டுகிறது. இத்தோற்றமே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றக்கூடியது. மூன்று வேறுபாடுகள் கருதத்தக்கன.

முதலாவது, தமிழ் வடிவம் குறித்த இறந்தகாலச் சொல்லை ஏற்கிறது. காலையில் நனைந்த முற்றத்தைக் காண்பவர் ‘நேற்றிரவு மழை பெய்திருக்கிறது’ என்பார். பெய்ததை அவர் பார்க்கவில்லை. கண்ட விளைவிலிருந்து உய்த்துணர்கிறார். விளைவு இன்றையது என்பதால் வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. நிகழ்ச்சி நேற்றையது என்பதால் ‘நேற்றிரவு’ வருகிறது. இவ்வாக்கியத்தை ஆங்கிலத்தில் நிகழ்கால நிறைவால் பெயர்க்க இயலாது. ‘மஸ்ட் ஹேவ்’ என்னும் ஊகத் தொடரையோ தனி இறந்தகாலத்தையோ நாட வேண்டும். ஒரே வகையான மூலத்திலிருந்து வந்த இரு வடிவங்களுள் ஒன்று உய்த்துணர்வின் பக்கம் வளர, மற்றொன்று அவ்வாறு வளரவில்லை என்பதை இது விளக்குகிறது.

இரண்டாவது, நாளிதழ்த் தமிழில் ‘அமைச்சர் நேற்று அறிவித்துள்ளார்’ என்பது பெருவழக்கு. இத்தொடரின் ஆங்கிலப் பெயர்ப்பு தனி இறந்தகாலத்திலேயே அமைய வேண்டும். ‘உள்’ என்பதைக் கண்டவுடன் ‘ஹேஸ்’ என எழுதுவது பிழைக்கு வழிவகுக்கும்.

மூன்றாவது, ஆங்கிலம் ஒரே வடிவில் அடக்கும் நான்கு பொருள்களையும் தமிழ் வெவ்வேறு துணைவினைகளால் பகுத்துரைக்கிறது. விளைவுக்கு ‘விடு’ பெரும்பாலும் பொருந்தும்: (2)-ஐ ‘சாவியைத் தொலைத்துவிட்டேன்’ என்பதே இயல்பு. பட்டறிவுக்கு ‘இரு’ உரியது: ‘மதுரையைப் பார்த்திருக்கிறேன்’. தொடர்ச்சிக்கு ‘வா’ துணையாகும்: (4)-ஐ ‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வசித்துவருகிறார்’ என்று பெயர்த்தால் சாட்சியின் பொருள் காக்கப்படும். இங்கு ‘ஆண்டுகள்’ என்பது ‘ஆண்டுகளாக’ என மாறுவதும் இன்றியமையாதது. அண்மைச் செய்திக்கு எழுத்து வழக்கில் ‘உள்’ ஏற்றது: ‘தேர்வு முடிவுகள் வெளியாகியுள்ளன’. சில இடங்களில் துணைவினை எதுவுமின்றித் தனி இறந்தகாலமே போதும் என்பதற்கு ‘சாப்பிட்டீர்களா?’ என்னும் வினா சான்று. இவை மாறாத விதிகள் அல்ல. எனினும், ஆங்கில வடிவத்தைக் கண்டவுடன் அது நான்கு பொருள்களுள் எதனைச் சார்ந்தது என்று முதலில் துணியும் பழக்கம் பெரும்பாலான பிழைகளைத் தவிர்க்கும்.

9. முடிவுரை

ஆங்கிலத்தில் தனி இறந்தகாலத்துக்கும் நிகழ்கால நிறைவுக்கும் இடையே உள்ள தெரிவு, நிகழ்ச்சி எவ்வளவு தொலைவில் நடந்தது என்பதைப் பொறுத்ததன்று. பேசுவோர் எங்கு நின்று அதனை நோக்குகிறார் என்பதைப் பொறுத்தது. நிகழ்ச்சி நடந்த இடத்துக்கே சென்று நோக்கினால் தனி இறந்தகாலம். இன்றைய நிலையில் நின்று நோக்கினால் நிகழ்கால நிறைவு. உடைமை வினையின் நிகழ்காலத்தில் தோன்றிய ஒரு தொடர், ‘பீ’யின் இடத்தைக் கைக்கொண்டு, தனி இறந்தகாலத்தின் இடத்தைக் கைக்கொள்ள இயலாமல் நின்றதன் பயனே இப்பங்கீடு. பிரெஞ்சும் தென் ஜெர்மனும் கடந்துவிட்ட ஒரு கட்டத்தில் ஆங்கிலம் நிற்கிறது. தமிழ் வேறொரு கிளைவழியில் சென்றுள்ளது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ‘ஹேவ்’ என்பதற்கு நேர்ச்சொல் தேடுவதை விடுத்து, அவ்வாக்கியத்தில் ‘இப்போது’ எஞ்சியிருப்பது எது என்று வினவுதல் வேண்டும். எஞ்சியிருப்பது இழப்பா, பட்டறிவா, குடியிருப்பா, புதிய செய்தியா என்பது தெளிந்தபின் தமிழ் வினை தானே அமையும்.